ஏர் ஃபில்டர்: மாற்றவா, தட்டிப் போடவா?

அண்ணா, சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஏர் ஃபில்டரை மாற்றச் சொல்கிறார்கள். உண்மையில் எப்போது மாற்ற வேண்டும்?

வண்டியோடு வந்த மேனுவலைப் பாருங்கள். பல பெட்ரோல் கார்களுக்கு 20,000 முதல் 40,000 கி.மீ. வரை போட்டிருப்பார்கள். தூசி நிறைந்த சாலைக்குத் தனிக் கணக்கு இருக்கும். குவாரி, செங்கல் சூளைப் பக்கம் ஓடும் வண்டி என்றால் அதைத்தான் பார்க்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றி உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். மேலே சாம்பல் பூத்திருந்தால் பரவாயில்லை. மடிப்புகளுக்குள் தூசி அப்பியிருந்தாலோ, எண்ணெய்க் கறை, கிழிசல் இருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

அடைத்துப் போனால் மைலேஜ் அடிவாங்குமா சார்?

கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பழைய கருவி) காலத்து வண்டியில் அடிவாங்கும். இன்றைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ப இசியு (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் சோதித்தபோதும், நவீன வண்டிகளில் மைலேஜ் சொல்லும்படி மாறவில்லை, பிக்கப்தான் குறைந்தது. டர்போ டீசலில் கரும்புகை வந்தால் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஃபில்டரும் ஒன்று.

பங்க் ஏர் அடித்துச் சுத்தம் செய்தால் போதாதா?

அடிக்கடி வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அத்தனையும் ஃபில்டரில் இருக்கும் காகிதம் வழியாகத்தான் போகிறது. பக்கத்தில் வைத்து வேகமாக அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், பிறகு மணல் நேரே சிலிண்டருக்கு. இன்னொன்று, லேசாகத் தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். அடித்தே ஆக வேண்டும் என்றால் குறைந்த அழுத்தத்தில், சற்றுத் தள்ளிப் பிடித்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக அடியுங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது.

நானே மாற்றலாமா?

தாராளமாக. பெரும்பாலான கார்களில் நாலைந்து கிளிப் அல்லது ஸ்குரூதான். இஞ்சின் ஆறியிருக்கட்டும். ஃபில்டர் பெட்டியின் அடியில் கிடக்கும் தூசி, இலைகளை ஈரத்துணியால் துடையுங்கள். இஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் எதுவும் விழக்கூடாது. அந்தக் குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். தூசி ஒட்டினால் பழைய ஃபில்டர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். ரப்பர் விளிம்பு சுற்றிலும் பள்ளத்தில் பொருந்தியதா என்று பார்த்த பிறகே மூடுங்கள். மலிவு ஃபில்டர்களில் இந்த விளிம்புதான் சொதப்பும். என்னைக் கேட்டால் கம்பெனி ஃபில்டரே போதும்.

மழைவெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டது. ஃபில்டர் நனைந்திருக்கிறது.

ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள்! சிலிண்டரில் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், செலவு எங்கேயோ போய்விடும். டோ செய்து மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். நனைந்ததைக் காயவைத்துப் போடாமல் புதியதே வாங்குங்கள்.

ஏர் ஃபில்டரை மாற்றியும் ஏசியில் நாற்றம் போகவில்லையே?

அதற்குக் காரணம் கேபின் ஃபில்டராக இருக்கலாம்; வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் அது வேறு ஆள். பல கார்களில் குளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அதைக் கழற்றிப் பாருங்கள்.