வகுப்பறை உதவியாளர் வேலை: படிப்புக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். வயது 41, சிங்கப்பூர்க் குடியுரிமை உண்டு. உயர்நிலைப் பள்ளியில் ஓ நிலைத் தேர்வு வரை படித்தேன்; தமிழும் ஆங்கிலமும் நன்றாக வரும். பிள்ளைகளுக்காக அலுவலக வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது வகுப்பறை உதவியாளராகச் சேர ஆசை. ஒரு தனியார் நிலையத்தில் சான்றிதழ் படிப்புக்கு இந்த வாரமே பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: வேண்டாம். முதலில் எந்த வயதுப் பிள்ளைகளோடு இருக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். இங்கே வகுப்பறை உதவியாளர் என்பது ஒரே வேலை இல்லை. இடத்துக்கு இடம் வேலையும் மாறும், கேட்கிற தகுதியும் மாறும். ஓரிடத்தில் செல்லும் சான்றிதழ் இன்னோரிடத்தில் உதவாமல் போகலாம்.

கல்வி அமைச்சின் தொடக்கப்பள்ளிகளை நினைத்திருந்தால், வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக நிற்கும் பொதுவான வேலை அங்கே அரிது. கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு உதவத் தனி அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி தருகிறார்கள், அதற்கு ஓ நிலை மட்டும் போதாது. பள்ளி வளாகத்திலேயே வேலை வேண்டுமென்றால் மாணவர் பராமரிப்பு நிலையத்தை விசாரியுங்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் பள்ளி விட்ட பிறகுதான் வேலை. உங்கள் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரமும் அதுதானே, யோசித்துக்கொள்ளுங்கள்.

சிறப்புக் கல்விப் பள்ளிகள் உதவியாளர்களைத் தாங்களே நேரடியாக எடுக்கின்றன. மைண்ட்ஸ், ரெயின்போ சென்டர் போன்ற சமூக அமைப்புகள் நடத்தும் பள்ளிகள் இவை. சட்டைப் பொத்தானைப் போடவே பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் பிள்ளை இருக்கும். அந்தப் பத்து நிமிடமும் நம் கை குறுக்கே போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். அந்தப் பொறுமை உங்களிடம் இருந்தால் இதைவிட நிறைவான வேலை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் நிலையில் பலருக்கும் வாசல் திறப்பது பாலர் பள்ளிதான். அங்கே ஆள் தேவைக்குச் சட்டமே காரணம். 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் என்றால் 5 பேருக்கு ஒருவர், அதற்கடுத்த வயதான விளையாட்டுக் குழுவில் 8 பேருக்கு ஒருவர், தொடக்கப்பள்ளிக்கு முந்தைய கே2 வகுப்பில் 25 பேருக்கு ஒருவர் என்று விகிதம் இருக்கிறது. பிள்ளை சின்னதாக இருந்தால் கூடுதல் கை தேவை. அதனால் கைக்குழந்தைப் பிரிவிலும் விளையாட்டுக் குழுவிலும் இடம் கிடைப்பது சுலபம். வேலையும் அங்கேதான் கடினம்.

காலை எட்டு மணிக்கு அம்மாவின் கழுத்தை விடாத குழந்தையைச் சிரித்த முகத்தோடு வாங்க வேண்டும். டயபர் மாற்ற வேண்டும், பால் எத்தனை மில்லி குடித்தது, எப்போது தூங்கியது என்று குறித்துவைக்க வேண்டும். ஆசிரியர் பாய் விரித்துக் கதை சொல்லத் தொடங்கும்போது, எழுந்து ஓடும் ஒரே பிள்ளைக்குப் பின்னால் போவது நீங்கள்தான். மதியம் பதினைந்து படுக்கைகளை விரித்து, மறுபடி மடக்கி வைப்பதும் நீங்கள்தான். முட்டி, இடுப்பு வலி இருந்தால் இப்போதே யோசியுங்கள். பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும் என்று மட்டும் சொல்லி வருகிறவர்களில் பலர் தளர்ந்துபோவது இந்த உடல் உழைப்பில்தான்.

உங்கள் தமிழை மறந்துவிடாதீர்கள். வீட்டில் ஆங்கிலமே புழங்கும் தமிழ்ப் பிள்ளைகள் இங்கே நிறைய. பல்லாங்குழியோ ஒரு பாட்டோ சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால், அந்தப் பிள்ளைகள் வாய் திறக்கிற வேகமே வேறு. தமிழ் வகுப்பு நடத்தும் பாலர் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும்போது இதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இப்போது படிப்பு. பிசிஎஃப் ஸ்பார்க்கல்டாட்ஸ், மை ஃபர்ஸ்ட் ஸ்கூல் போன்ற பெரிய பாலர் பள்ளிகளிடம், வேலைக்கு எடுத்துக்கொண்டு பயிற்சி தரும் ஏற்பாடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சம்பளத்தோடு படிக்க வழி இருக்கும்போது கைக்காசை முன்னால் போடுவதில் அர்த்தமில்லை. சொந்தமாகத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால், 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதம் முதல் கிடைக்கும், அரசின் திறன் பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் 4,000 வெள்ளி கூடுதல் நிதி உங்களுக்கும் உண்டு. ஆனால் குறிப்பிட்ட சில படிப்புகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும். அந்த நிலையம் சொல்லும் படிப்பு அதில் சேருமா என்று ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பாலர் பள்ளிகளை மேற்பார்வையிடும் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு, அதாவது இசிடிஏ, அந்தச் சான்றிதழை ஏற்கிறதா என்பதையும் நிலையத்திடம் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை கிடைத்த மறுநாளே வகுப்பில் நிற்க முடியாது. இசிடிஏ அனுமதி, மருத்துவச் சோதனை எல்லாம் முடிய வேண்டும். கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அப்புறம், நேர்முகத் தேர்வில் நீங்களும் கேள்வி கேளுங்கள். பயிற்சிச் செலவைப் பள்ளி ஏற்றால் எத்தனை ஆண்டு அங்கே வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், காலை ஏழு மணி ஷிஃப்ட் வாரத்தில் எத்தனை நாள் வரும், உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்று வகுப்பை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு காலைப்பொழுது வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதியும் கேளுங்கள்.