இரைச்சலைத் தடுக்க யாருக்கு அதிகாரம்? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கோயில் விழா ஒலிபெருக்கி இரவு 11 மணிக்கும் ஓயவில்லை. நகராட்சியில் கேட்டால் "காவல் நிலையம் போங்க" என்கிறார்கள். தட்டிக்கழிக்கிறார்களா?

பதில்: இல்லை, அவர்கள் சொன்னது சரியான இடம்தான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி தருவதும் மீறலைத் தடுப்பதும் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி போன்றோரின் பொறுப்பு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. இரவு நேர மீறலுக்கு டெசிபல் அளந்து காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பலருக்கு இது தெரியாததால்தான் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள். உடனே 100-க்குப் பேசுங்கள். மறுநாள் இடம், நேரம் எழுதி டி.எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் போகலாம். பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு (குற்றவியல் நடைமுறைக்கான இன்றைய சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 152).

சாமி விஷயமாயிற்றே என்று தயங்காதீர்கள். சென்னையில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபடச் சொல்லும் மதம் எதுவும் இல்லை. எல்லா மதத்துக்கும் இது பொருந்தும்.

கேள்வி: அண்ணே, கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டால் திருவிழாவுக்கு 12 மணி வரை பாட்டு போடலாமா?

பதில்: முடியாது தம்பி. இரவு 10 முதல் 12 வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு மட்டும்தான். அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மேல் போகக்கூடாது. எந்தெந்த நாட்கள் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இந்த அதிகாரத்தை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கக்கூடாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊரே கைதூக்கினாலும், அந்த ஊரில் நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கும் வீடுகளின் உறக்கத்தை விட்டுக்கொடுக்கச் சபைக்கு உரிமை கிடையாது.

கேள்வி: அப்படியானால் உள்ளாட்சிக்கு வேலையே இல்லையா? எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டையே விழா மண்டபமாக்கிவிட்டார்கள்.

பதில்: இங்கேதான் நகராட்சியைப் பிடிக்க வேண்டும். குடியிருப்புக்கென்று அனுமதி வாங்கிய கட்டடத்தில் மண்டபம் நடத்தினால் நடவடிக்கை எடுக்க அவர்களால் முடியும். திட்டமிடும்போதே இரைச்சலைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அதே விதிகள் உள்ளாட்சிகளுக்குச் சொல்கின்றன. குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. கைபேசிச் செயலி காட்டும் அளவு உங்கள் தோராயத்துக்குத்தான். முறையான அளவீடு கேட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதுங்கள்.

கேள்வி: ராத்திரியில் கான்கிரீட் மெஷின் ஓட்டுகிறார்களே சார்?

பதில்: 2010 திருத்தத்திலிருந்து குடியிருப்புப் பகுதியில் அதற்கும் இரவில் தடை. காவல்துறைக்குச் சொல்லுங்கள்.