கையால் அடைத்த துவக்கு ரவை உண்மையிலேயே துல்லியமா? வன்னியில் அதைச் செய்யலாமா?

கேள்வி இதுதான்: கனடாவில் இருக்கும் மச்சான் தன் .308 ரைபிளுக்குத் தானே ரவை அடைக்கிறார். கடையில் வாங்குவதை விட அது துல்லியம் என்கிறார். அது உண்மையா, எப்படிச் செய்கிறார்கள்? இங்கே காணியில் கிடைக்கும் பழைய ரவைகளின் மருந்தை எடுத்துப் பன்றி சுட அப்படி அடைக்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்யாதீர்கள். வேறு யாராவது செய்யப் போனாலும் மறித்துவிடுங்கள். ரவை மருந்து எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரிச் சாம்பல் நிறக் குறுணிதான். ஆனால் எரியும் வேகம் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடும். கைத்துப்பாக்கிக்கான மருந்தை ரைபிள் ரவையின் கோதில் (வெளிக்கூட்டில்) நிரப்பினால், சுடுகிறவரின் முகத்துக்குப் பக்கத்திலேயே துவக்கு வெடிக்கும். மண்ணில் வருடக்கணக்காகக் கிடந்த ரவையில் எந்த மருந்து இருக்கிறது, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. நீங்கள் ரவை என்று நினைத்து எடுப்பது ரவையே இல்லாமலும் இருக்கலாம். 2009இல் போர் முடிந்தும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கண்ணிவெடி அகற்றுபவர்கள் எத்தனை வருடமாக முழங்காலில் நின்று மண்ணைக் கிளறியிருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் இருக்கின்றன, உரிமம் இல்லாமல் ரவை அடைப்பது குற்றம். போதாததற்கு, பயிர்க்காவலுக்குக் கொடுக்கும் 12 போர் (bore) துவக்கின் குழலுக்குள் புரியே, அதாவது சன்னத்தைச் சுழல வைக்கும் திருகு வரிகளே, கிடையாது. கீழே சொல்லும் நுணுக்கம் எதுவும் அதற்குப் பயன்படாது.

சரி, மச்சானின் கதைக்கு வருவோம். நான் முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்கிறேன். அதற்கு முன் கனடாவில் இருந்த காலத்தில் இலக்குச் சுடுதலில் ஈடுபட்டிருந்தேன். அங்கே துவக்கு உரிமம் உள்ளவர் தன் பாவனைக்கு ரவை அடைப்பது சட்டப்படி சரி. அவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். தொழிற்சாலை ரவை உலகத்தில் உள்ள அத்தனை .308 துவக்கிலும் பாதுகாப்பாக வெடிக்க வேண்டும். கையால் அடைப்பது ஒரே ஒரு துவக்குக்காக. ஆனாலும் நல்ல போட்டித் தர ரவை இப்போது கடையிலேயே கிடைக்கிறது. அதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மச்சான் சொல்லும் அளவுக்கு இருக்காது.

ரவைக்கு நான்கு பாகங்கள்: கோது, பிரைமர் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைப்பது), மருந்து, சன்னம் (பறந்து போகும் குண்டு). ஒரு முறை சுட்ட கோது அந்தத் துவக்கின் அறை (ரவை உட்காரும் இடம்) அளவுக்கு விரிந்திருக்கும். அதை முழுக்க நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவராமல், கோதின் தோள்பட்டையை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் பின்னே தள்ளினால், அடுத்த முறை அறையில் கச்சிதமாக உட்காரும். எல்லாக் கோதும் ஒரே தயாரிப்பாக, ஒரே நீளமாக, கழுத்து சன்னத்தை ஒரே இறுக்கத்தில் பிடிப்பதாக இருக்க வேண்டும். மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம்தான். கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். பிரைமர் தட்டையானாலோ போல்ட் கைப்பிடி இறுகினாலோ அழுத்தம் மிஞ்சுகிறது என்று பொருள், அத்தோடு நிறுத்திக் கீழே இறங்கிவிட வேண்டும். கையேட்டின் உச்ச அளவை இன்னும் எட்டவில்லையே என்று பார்க்கக் கூடாது.

ஆட்கள் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். மருந்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒன்றோ மூன்றோ சுட்டு, எந்தப் படியில் துளைகள் நெருங்குகின்றன என்று பார்ப்பார்கள். கிரெய்ட்டன் ஓடெட் என்பவர் பெயரால் அறியப்படும் ஏணிச் சோதனையும் இந்த வகைதான். படி ஒன்றுக்கு ஒரே ஒரு சூடு என்றால் அதில் தெரியும் ‘நல்ல இடம்’ பெரும்பாலும் தற்செயல் என்பது என் முடிவு. மூன்று துளையை வைத்து ரவையைத் தீர்மானிப்பது, வரம்போரம் மூன்று கதிரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு ஏக்கருக்கு இத்தனை மூடை என்று சொல்வதைப் போன்றது. அதே ரவையை அதே ஆள் மறுபடி சுட்டாலே குரூப் (துளைகள் பரவும் அளவு) இரண்டு மடங்கு பெரிதாக வரலாம். மச்சான் காட்டும் படத்தில் மூன்று துளை ஒன்றாய் ஒட்டியிருந்தால், அதற்கு முன்னும் பின்னும் சுட்ட அட்டைகளையும் கேளுங்கள். பத்துச் சூடு, முடிந்தால் இருபது, ஒரே குறியில் சுட்டு, நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு துளையும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து சராசரி எடுத்தால்தான் இரண்டு ரவைகளை ஒப்பிட முடியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மருந்தையும் சன்னத்தின் ஆழத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியவே தெரியாது.

இன்னொரு விஷயம் தூரம். சன்னத்தின் வேகம் ஒரு சதவீதம் குறைந்தால் அது கீழே விழும் அளவு ஏறத்தாழ இரண்டு சதவீதம் கூடும். .308இல் 100 மீட்டருக்குள் விழுவது எட்டு சென்றிமீட்டர் அளவுதான், எனவே வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது, கண்ணுக்குப் படாது. 500 மீட்டரில் விழுவது இரண்டு மீட்டருக்கு மேல். அங்கே அதே ஒரு சதவீதம் நான்கைந்து சென்றிமீட்டர் மேலும் கீழுமாகத் தெரியும். அதனால் தூரத்துக்குச் சுடுகிறவருக்கு சன்னத்தின் வேகத்தை அளக்கும் வேகமானி இல்லாமல் வேலை ஆகாது. 100 மீட்டருக்குள் சுடுகிறவர் மருந்தைப் பொடி பொடியாய் நிறுத்துக்கொண்டிருப்பதில் பெரிய பலன் இல்லை, நல்ல சன்னமும் நல்ல குழலும்தான் அங்கே முக்கியம்.

சன்னத்தைக் கோதுக்குள் எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதை அடுத்துப் பார்க்கலாம். குழலின் புரி தொடங்கும் இடத்துக்கும் சன்னத்துக்கும் உள்ள இடைவெளிதான் கணக்கு. சன்னத்தின் நுனி ஒன்றுக்கொன்று ஒழுங்காக இராது என்பதால், ரவையின் அடியிலிருந்து சன்னத்தின் வளைவு புரியைத் தொடும் இடம் வரை அளப்பார்கள்.

கடைசியாக, பலர் வெப்பத்தை மறந்துவிடுகிறார்கள். சூடு கூடினால் மருந்து வேகமாய் எரியும், அறைக்குள் அழுத்தமும் ஏறும். வெப்பத்துக்கு அதிகம் அசையாத மருந்துகள் உண்டு, ஆனால் முற்றாக அசையாதது இல்லை. ஆவணி வெயிலில் சோளகம் அடிக்கும் நேரம் நம் வெளியில் நின்றவருக்கு 35 பாகை என்றால் என்னவென்று தெரியும். கனடாவின் பனிக்கால இலக்குத் தளம் அதற்கு நேரெதிர். மச்சானிடம் அவர் மருந்தின் அளவை எந்த மாதத்தில் பிடித்தார் என்று கேளுங்கள். ஜனவரி என்று சொன்னால், கோடையில் குறைந்த அளவிலிருந்து வேகமானியோடு மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். ரவைப் பெட்டியை வெயிலில் வைக்கவோ, சுட்டுச் சூடேறிய அறைக்குள் ரவையைப் போட்டுக் காத்திருக்கவோ வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.