மீன் விலையும் 384 வினாக்கொத்தும்

அன்புள்ள ஐயா,

நான் பொருளியல் சிறப்புக் கற்கைநெறியில் மூன்றாம் வருட மாணவி. வீடு உப்புவெளி. எங்கள் வகுப்புக்கு மூன்று நாள் ஆய்வுப் பயிற்சி வைத்தார்கள். தயாராகத் தந்த தரவை எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் போட்டு, குரொன்பாக் அல்பாவிலிருந்து (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் அளவு) பிற்செலவு வரை (ஒரு மாறி மற்ற மாறிகளோடு எப்படி மாறுகிறது என்று மதிப்பிடும் முறை) செய்து பார்த்தோம். வீட்டுக்கு வந்து என் சொந்தத் தலைப்போடு உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. தலைப்பு: 'திருகோணமலை மாவட்ட மீனவர்களின் சமூக பொருளாதார நிலையும் எதிர்நோக்கும் சவால்களும்'. மேற்பார்வையாளர் "அகலமாக இருக்கிறது, சுருக்கிக்கொண்டு வாரும்" என்கிறார். எதைச் சுருக்குவது? 384 பேரைக் கேட்டே ஆகவேண்டும் என்கிறாள் ஒரு தோழி. ஏ.ஆர்.டி.எல். (ஆண்டுவாரித் தரவை முந்தைய ஆண்டுகளின் பெறுமதிகளோடு சேர்த்துப் பகுக்கும் முறை) செய்தால் களத்துக்கே போகத் தேவையில்லை என்கிறாள் இன்னொருத்தி. டிசம்பர் விடுமுறையில் தரவு சேர்க்க நினைத்திருக்கிறேன். 2016இல் 4.1 சதவீதமாக இருந்த நாட்டின் வறுமை 2019இல் 14.3 சதவீதமாகி மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது என்று முன்மொழிவின் முதல் பந்தியில் எழுதியிருக்கிறேன். இவற்றைப் பற்றி எழுதுவீர்களா?

மூன்றாம் வருட மாணவி, திருகோணமலை

அன்புள்ள தங்கைக்கு,

அந்த முதல் பந்தியை இன்றே திருத்த வேண்டும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். 4.1, 14.3 இரண்டுமே தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்ட எண்கள்தான். ஆனால் இரண்டையும் ஒரே கோலால் அளக்கவில்லை. 2016 எண்ணுக்கு அடிப்படை 2002இல் வகுத்த வறுமைக் கோடு. அதை விலையேற்றத்துக்கு ஏற்ப உயர்த்தியபோது ஆளுக்கு மாதம் 4,166 ரூபாய் வந்தது. 2019 எண்ணுக்கு அடிப்படை 2012/13இலிருந்து புதிதாக வகுத்த கோடு, ஆளுக்கு 6,966 ரூபாய். கோடு உயர்ந்தால் அதற்குக் கீழே அகப்படுவோர் தொகையும் கூடும். ஆகவே "மூன்று மடங்கு" என்று நீங்கள் எழுதியதில் பெரும்பங்கு கோடு மாறியதால் வந்தது. அந்த வசனத்தை எடுத்துவிடுங்கள்.

எந்த எண்ணைத் தொட்டாலும் பக்கத்திலேயே அதன் அடிப்படை ஆண்டையும் வரைவிலக்கணத்தையும் குறித்து வைக்கப் பழகுங்கள். தொழிற்படை அளவீட்டில், குறித்த வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் தொழில் உள்ளவர்தான். வாரத்தில் ஒரே ஒரு நாள் வள்ளம் இறக்கியவரும் அதில் அடக்கம். அது தெரியாமல் மீனவக் கிராமத்தின் வேலையின்மையைப் பற்றி எழுத முடியாது. ரூபாயும் அப்படித்தான். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். 2019 வருமானத்தையும் இன்றைய வருமானத்தையும் விலைச்சுட்டெண்ணால் சரிசெய்யாமல் ஒரே அட்டவணையில் வைத்தால், ஏழையானவரும் பணக்காரராகத் தெரிவார்.

மூன்று நாள் பயிற்சிக்குப் பிறகும் ஒரு வரி ஓடாததற்கு நீங்கள் காரணம் இல்லை. அந்தப் பயிற்சி வால் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. தரவைத் தயாராகக் கையில் கொடுத்துவிட்டால், ஆய்வின் கடினமான முக்கால்வாசி மாணவர் கண்ணில் படுவதே இல்லை. எதைக் கேட்பது, அதை எப்படி அளப்பது, அளந்தது சரியா என்று எப்படி அறிவது என்பவைதான் பயிற்சி. மென்பொருளை இரண்டு பின்னேரத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

'நிலையும் சவால்களும்' என்ற தலைப்பில் கேள்வியே இல்லை. என்ன விடை வந்தாலும் அதற்குள் அடங்கும் என்பதால் எதைத் தேடுகிறோம் என்றும் தெரியாது. பொருளியல் கேள்விக்கு அளக்கக்கூடிய ஒரு விளைவு வேண்டும், அதை மாற்றக்கூடிய ஒரு காரணம் வேண்டும், இரண்டையும் இணைக்கும் ஒரு தர்க்கம் வேண்டும். உங்கள் ஊர்க் கரையிலேயே கேட்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். மீன் முதலாளியிடம் முற்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அவருக்கே கொடுக்க வேண்டும். அப்படிக் கட்டுப்பட்டவருக்குக் கிடைக்கும் விலை, கட்டுப்படாதவர் அதே நாளில், அதே துறையில், அதே மீனுக்குப் பெறும் விலையிலிருந்து கிலோவுக்கு எவ்வளவு வேறுபடுகிறது? கடனும் விற்பனையும் பிணைந்த சந்தை என்று அபிவிருத்திப் பொருளியலில் இதற்குத் தனி இலக்கியமே உண்டு. நீங்கள் வாசிக்கவேண்டிய கட்டுரைகளை அந்தச் சொல்லே காட்டித்தரும். பதினைந்து கட்டுரை போதும். ஒவ்வொன்றுக்கும் கேள்வி, தரவு, முறை, கண்டது, ஒத்துக்கொண்ட குறை என்று ஐந்து நிரல் கொண்ட தாள் ஒன்று போடுங்கள்.

இனி அளவை. பெரும்பாலான ஆய்வேடுகள் விழுவது இங்கேதான். "முதலாளி நியாயமான விலை தருகிறார்: முற்றாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன்..." என்று ஐந்து கட்டம் போட்டுக் கேட்டால் கிடைப்பது விலை அல்ல, அபிப்பிராயம். அந்த முதலாளியின் ஆள் பக்கத்தில் நின்றால் அபிப்பிராயமும் மாறும். "கிலோ என்ன விலைக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்பதும் போதாது. ஒருவர் 42 கிலோ பாரை கொண்டுவருகிறார் என்று வையுங்கள். முதலாளி கழிவு என்று 2 கிலோவைத் தள்ளி 40 கிலோவுக்குக் கணக்குப் பார்த்து, கிலோ 900 வீதம் 36,000 ரூபாய் கொடுக்கிறார். கட்டுப்படாத பக்கத்து வள்ளக்காரரும் 900க்குத்தான் விற்றார், ஆனால் கழிவு இல்லாமல். சொல்லும் விலையைப் பதிந்தால் இருவருக்கும் வித்தியாசமே இல்லை, உங்கள் கருதுகோள் பிழை என்று முடிவு வரும். கைக்கு வந்த 36,000 ரூபாயை உண்மை நிறையான 42 கிலோவால் வகுத்தால் 857 ரூபாய். தேடிய 43 ரூபாய் கழிவுக்குள் ஒளிந்திருந்தது.

ஆகவே வினாக்கொத்தில் விலை ஒரு கேள்வியாக இருக்கக்கூடாது. மீனின் இனம், பருமன், தராசில் நின்ற நிறை, கணக்குப் பார்த்த நிறை, சொன்ன விலை, கையில் தந்த காசு, கடனுக்குப் பிடித்துக்கொண்ட காசு, ஐஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பிடித்தது என்று எட்டுப் பெட்டி வேண்டும். கடனுக்குப் பிடித்ததைத் தனியாக எழுதுவது மிக முக்கியம். அது அவர் கட்டிய தவணை, விலைக் குறைப்பு அல்ல. இரண்டும் கலந்துவிட்டால் வித்தியாசம் பொய்யாகப் பெருத்துவிடும்.

இப்படி அளந்தால் ஒளிந்த வட்டியையும் கணக்கிடலாம். 2 இலட்சம் முற்பணம் வாங்கியவர் மாதம் 500 கிலோ விற்கிறார், கிலோவுக்கு 40 ரூபாய் குறைவாகப் பெறுகிறார் என்றால் மாதம் 20,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு 10 வீதம். ஆனால் அதைச் சுரண்டல் என்று முன்மொழிவிலேயே எழுதிவிடாதீர்கள். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அரிசிக்குக் காசு கொடுப்பதும், மீன் மலிந்த நாளிலும் மறுக்காமல் எடுப்பதும் அதே முதலாளியாக இருக்கலாம். அதற்கும் ஒரு பெறுமதி உண்டு. அதைக் கேட்கவும் இரண்டு கேள்வி வையுங்கள்.

இன்னொரு சிக்கல். முற்பணம் வாங்குபவர் ஏற்கனவே பழைய இயந்திரமும் சின்ன வலையும் உள்ளவராக இருக்கலாம். அவரது மீன் பிந்தி வரும், ஐஸ் குறைவு, அதனால் விலை குறையும். அப்போது குறைவுக்குக் காரணம் கடனா, மீனின் தரமா? கரைக்கு வந்த நேரம், ஐஸ் போட்டதா, இயந்திரத்தின் குதிரைவலு ஆகியவற்றையும் பதிந்து பிற்செலவில் சேர்த்தால் இதை ஓரளவு பிரிக்கலாம். முழுதாகப் பிரிக்க முடியாது. அதை ஆய்வேட்டில் ஒளிக்காமல் எழுதினால் பரீட்சகர் மதிப்பார்.

384க்கு வருவோம். 1.96இன் வர்க்கத்தை 0.5 ஆல் இருமுறை பெருக்கி 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16. பெரிய குடித்தொகையிலிருந்து எளிய எழுமாற்று முறையில் ஆட்களைத் தெரிந்து, ஒரு சதவீதத்தை 95 வீத நம்பிக்கையோடு கூட்டிக் கழித்து 5 புள்ளிக்குள் மதிப்பிடத்தான் அந்த எண். நீங்கள் மதிப்பிடுவது சதவீதம் அல்ல, இரண்டு குழுக்களின் விலை வித்தியாசம். உங்கள் அலகும் ஆள் அல்ல, விற்பனை. 60 குடும்பம், ஒவ்வொன்றிலும் ஐந்து நாள் விற்பனை என்றால் 300 பதிவு வரும். ஆனால் ஒரே குடும்பத்தின் ஐந்து பதிவும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமை 0.4 என்று கொண்டால், 1 உடன் நான்கு தரம் (ஐந்து பதிவில் ஒன்று குறைய) 0.4ஐக் கூட்ட 2.6. 300ஐ அதால் வகுத்தால் சுமார் 115. உங்களிடம் இருப்பது 115 சுயாதீனப் பதிவுகளின் பலம். வித்தியாசத்தின் நியம வழுவை (மதிப்பீடு எவ்வளவு தளம்பக்கூடும் என்ற அளவை) கணிக்கும்போது குடும்பவாரியாகக் கொத்தாக்குமாறு மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். மறந்தால், தற்செயலாக வந்த வித்தியாசத்தையும் பி-பெறுமதி உண்மை போலக் காட்டி உங்களை ஏமாற்றும்.

குடும்பங்களைத் தெரிய, கிராம உத்தியோகத்தரிடமோ கடற்றொழிலாளர் சங்கத்திலோ பட்டியல் கேளுங்கள். 300 குடும்பப் பட்டியலில் 60 வேண்டுமென்றால் ஐந்துக்கு ஒன்று. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு சீட்டு எடுத்து, வந்த இலக்கத்திலிருந்து எண்ணுங்கள். கரையில் எதிர்ப்பட்டவரை எல்லாம் கேட்டுவிட்டு 'எழுமாற்று மாதிரி' என்று எழுதும் பழக்கம் நம் ஆய்வேடுகளில் நிறைய. அது கிடைத்தவர் மாதிரி, எழுமாற்று அல்ல. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி மூன்றையும் எடுக்க ஆசை வரும். இரண்டு துறை போதும்.

டிசம்பரில் போகாதீர்கள். வாடைக்கால மழையும் கடல் கொந்தளிப்பும் உள்ள அந்த நாட்களில் கிழக்குக் கரையில் சிறு படகுகள் பல கரையேறிக் கிடக்கும். கடலுக்குப் போகிறவர்கள் வழமையானவர்கள் அல்ல, அன்றைய விலையும் வழமையான விலை அல்ல. முதன்மைக் களவேலையை மார்ச்சுக்குப் பிறகு வையுங்கள். மேற்குக் கரையிலிருந்து பருவகால மீனவர்களும் அப்போது வருவதால், அவர்களைச் சேர்ப்பதா விடுவதா என்று முன்கூட்டியே முடிவெடுங்கள். டிசம்பரை முன்னோட்டத்துக்குப் பயன்படுத்துங்கள். எட்டுப் பத்துக் குடும்பத்தில் வினாக்கொத்தைச் சோதித்தால், எந்தக் கேள்விக்கு முகம் சுருங்குகிறது, எது புரியவில்லை, 35 நிமிடத்தில் முடிகிறதா என்று தெரியும். கடன் பற்றிய கேள்வியைத் துறையில் பலர் முன்னால் கேட்கவே வேண்டாம். விலையைத் துறையில் பதிந்து, கடனை வீட்டில் கேளுங்கள். சம்மதம் கேட்பதும், பெயருக்குப் பதில் இலக்கம் எழுதுவதும் கட்டாயம். கடனாளி யார் என்று உங்கள் தாளிலிருந்து ஊருக்குத் தெரியவந்தால் அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் செய்தது தீங்கு.

ஏ.ஆர்.டி.எல். கெட்ட முறை அல்ல, ஆனால் களத்துக்குப் போகப் பயந்து எடுக்கும் முறையும் அல்ல. விரலால் எண்ணிப் பாருங்கள். 33 ஆண்டுத் தரவு, ஐந்து விளக்கும் மாறிகள், எல்லாவற்றுக்கும் இரண்டு பின்னடைவு, அதாவது முந்தைய இரண்டு ஆண்டுகளின் பெறுமதி. சார்ந்த மாறியின் பின்னடைவு 2, ஒவ்வொரு விளக்கும் மாறிக்கும் (அந்த ஆண்டும் இரண்டு பின்னடைவும்) 3 வீதம் 15, மாறிலி 1, மொத்தம் 18 குணகங்கள். பின்னடைவுக்கு இரண்டு ஆண்டு போக மிஞ்சுவது 31. 31 பதிவில் 18 குணகத்தை மதிப்பிட்டால் மிச்சம் 13தான், அது மிகக் குறைவு. இந்த முறையில் மாறிகளுக்கிடையே நீண்டகாலத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் எல்லைச் சோதனைக்குப் பெஸரானும் சகாக்களும் 2001இல் தந்த மாறுநிலைப் பெறுமதிகள் பெரிய மாதிரிக்கானவை. 30 முதல் 80 வரையான பதிவுகளுக்கு நாராயண் 2005இல் தனி அட்டவணை தந்தார். உங்கள் தோழி இதைச் செய்வதானால் மாறிகளை இரண்டு மூன்றாகக் குறைத்து அந்த அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தரவு வந்த பிறகு முதல் வேலை பிற்செலவு அல்ல. மூலக் கோப்பை ஒரு பிரதி எடுத்துப் பூட்டி வையுங்கள், அதில் ஒரு எழுத்தும் மாற்றாதீர்கள். பிறகு ஒவ்வொரு மாறிக்கும் ஆகக் குறைந்தது, ஆகக் கூடியது, இடை (சராசரி) மூன்றையும் பாருங்கள். 'பதில் இல்லை' என்பதற்கு 9999 என்று குறித்திருந்தால் அது சத்தமில்லாமல் கணக்கில் சேர்ந்துவிடும். 49 குடும்பத்தின் வாராந்த ஐஸ் செலவு சராசரி 1,200 ரூபாய், ஐம்பதாவதில் 9999 என்றால் இடை 1,376க்கு ஏறிவிடும். ஒரே ஒரு பதில் இல்லாததால் 176 ரூபாய். எஸ்.பி.எஸ்.எஸ். கைவசம் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' போதும். களத்தில் கைத்தொலைபேசியிலேயே பதிய கோபோ டூல்பாக்ஸும் இலவசம், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். தராசு நிறையை விடக் கணக்குப் பார்த்த நிறை கூடினால் ஏற்காதே என்று படிவத்திலேயே ஒரு நிபந்தனை போட்டுவிட்டால், இலக்கம் மாறி அடித்ததை மீனவர் எழுந்து போகும் முன்பே பிடித்துவிடலாம்.