ஈஸ்ட்டில் கிளைகாலிசிஸ் அலைவு: ரீடிங் ஏன் நேர்கோடாக வருகிறது?

கேள்வி: காட்பாடியில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்காக பேக்கரி உலர் ஈஸ்ட்டைக் கரைத்து குளுக்கோஸ் சேர்த்தேன். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 340 நானோமீட்டரில் நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எடுத்தேன். கிளைகாலிசிஸில் (செல் குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதை) உருவாகிச் செலவாகும் என்ஏடிஹெச் மூலக்கூறின் அளவு அலைபோல ஏறி இறங்கவில்லை, நேர்கோடுதான் வருகிறது. எங்கே தவறு? இந்த அலைவால் செல்லுக்கு ஆற்றல் மிச்சமாகிறதா?

பதில்: முதல் தவறு கடிகாரத்தில். 25 டிகிரி செல்சியஸில் உயிருள்ள ஈஸ்ட்டின் அலைவு ஏறக்குறைய 30 முதல் 60 வினாடிக்கு ஒரு சுற்று. சுற்று 30 வினாடி என்றால், நிமிடத்துக்கு ஒன்றாக எடுக்கும் ஒவ்வொரு ரீடிங்கும் அலையின் ஒரே இடத்தில் போய் விழும். கோடு நேராகத்தான் வரும். 40 வினாடி என்றால் 120 வினாடிக்கு ஒரு சுற்று என்று பொய்யான அலை தெரியும். கருவியை கைனெடிக் மோடில் (தொடர்ந்து தானாக ரீடிங் எடுக்கும் முறை) வைத்து 1 அல்லது 2 வினாடிக்கு ஒரு ரீடிங் எடுங்கள்.

இரண்டாவது, கருவியே பொருத்தமில்லை. அலைவைப் பார்க்கப் போதுமான அடர்த்தியில் ஈஸ்ட் பால் போலக் கலங்கலாக இருக்கும். 340-இல் வெளிச்சம் சிதறி அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சல் அளவு) உச்சத்தில் முட்டி நின்றுவிடும். நீர்க்கச் செய்தும் பயனில்லை. செல்கள் ஒன்றையொன்று ஒத்திசைவில் வைத்திருப்பது அவை வெளியிடும் அசிட்டால்டிஹைடு, நீர்த்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரிமீட்டர்தான் வேண்டும்: தூண்டல் 340-350, உமிழ்வு 450-460 நானோமீட்டர். முன்முகத்திலிருந்து ஒளிர்வை எடுக்கும் ஹோல்டர் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் துறையில் கருவி இல்லையென்றால், கைடின் கடிதத்தோடு வி.ஐ.டி.யில் அரை நாள் நேரம் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, உலர் ஈஸ்ட். அதில் ட்ரெஹலோஸ் என்ற சேமிப்புச் சர்க்கரை ஏராளமாக இருக்கும். நீங்கள் குளுக்கோஸ் ஊற்றும் முன்பே செல் அதைத் தின்றுகொண்டிருக்கும். எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் தொடங்காது. ஆகவே பாக்கெட்டிலிருந்து நேராகப் போடாமல் அகார் தட்டில் கோடிழுத்து (ஸ்ட்ரீக் செய்து), ஒரு காலனியை 1 சதவீத குளுக்கோஸ் உள்ள ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்-பெப்டோன் ஊடகத்தில் 30 டிகிரியில் ஷேக்கரில் வளருங்கள்.

அறுவடை நேரம் முக்கியம்: ஊடகத்துக் குளுக்கோஸ் தீர்ந்த அந்தக் கட்டத்தில். சி.எம்.சி. பக்கத்து மருந்துக்கடையில் கிடைக்கும் யூரின் சுகர் ஸ்ட்ரிப் தோராயத்துக்கு உதவும். ஆனால் அது லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராமுக்குக் கீழே பேசாது. கடைசியில் ஜிஓடி-பிஓடி கிட்டில் (நொதிகளால் குளுக்கோஸை அளக்கும் கிட்) உறுதி செய்யுங்கள்.

சென்ட்ரிஃபியூஜ் செய்து, 100 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட் பஃபரில் (பிஹெச் 6.8) இரண்டு முறை கழுவி, ஈர எடையில் 10 சதவீதமாகக் கலக்குங்கள். 30 டிகிரியில் குலுக்கியபடி 3 மணி நேரம் பட்டினி போடுங்கள். இதைச் சுருக்கினால் உள்சேமிப்பு தீராது, அலைவும் மங்கும். பிறகு ஐஸில் வைத்து அன்றே பயன்படுத்துங்கள்.

அளவீட்டுக்கு 3 மில்லி கலவையை 25 டிகிரி குவெட்டில் காற்றுக்குமிழி இல்லாமல் மூடி, கலக்கிக்கொண்டே 1 மோலார் குளுக்கோஸ் 60 மைக்ரோலிட்டர் விடுங்கள். சுமார் 20 மில்லிமோலார் ஆகும். கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செல்களே விரைவில் தீர்க்கும். சுவாசம் நின்றதும் மங்கிக்கொண்டே போகும் சில அலைகள் தெரியும். ஆய்வுக் கட்டுரைகளில் சுவாசத்தை நிறுத்த சயனைடு சேர்ப்பார்கள். கல்லூரி ஆய்வகத்தில் அது வேண்டாம். நைட்ரஜனை வேகமாகக் குமிழவிடுவதும் கூடாது: அசிட்டால்டிஹைடின் கொதிநிலையே சுமார் 20 டிகிரி, வாயுவோடு சேர்ந்து பறந்துவிடும்.

இங்கே வேலூர் வெயிலையும் சொல்ல வேண்டும். குளிர்விப்பு இல்லாத வாட்டர் பாத் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது. சித்திரையில் 25 என்று செட் பண்ணினாலும் உள்ளே 36 இருக்கும். சூடு ஏறினால் சுற்று சுருங்கும். ஐஸ் கட்டி போட்டு, குவெட்டுக்குள்ளேயே தெர்மாமீட்டரால் பாருங்கள்.

இனி ஆற்றல். கிளைகாலிசிஸ் ஒரு குளுக்கோஸுக்கு முதலில் 2 ஏடிபியை (செல்லின் ஆற்றல் நாணயம்) முதலாகப் போட்டு, பிறகு 4 எடுக்கும் தொழில், நிகரம் 2. அலைந்தாலும் அலையாவிட்டாலும் இந்த 2 மாறாது. இந்தப் பாதையின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் நொதியை ஏடிபி அடக்குகிறது, ஏடிபி செலவாகும்போது கூடும் ஏஎம்பி தூண்டுகிறது. விளைபொருளே முன்னீடாகவும் கட்டுப்பாடாகவும் இருப்பதால்தான் ஊசலாட்டம். 1981-இல் ரிக்டர், ராஸ் என்ற ஆய்வாளர்கள் கணக்கு போட்டு, அலையும் பாதையில் வீணாகும் ஆற்றல் சற்றுக் குறையலாம் என்று காட்டினார்கள். 2011-இல் சந்திரா, புசி, டாயில் மூவரும் வேறு கோணத்தில் வாதிட்டார்கள்: நொதிகளைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு ஏடிபி தேவையின் ஏற்ற இறக்கத்தையும் சமாளிக்கும்போது அலைவு தவிர்க்க முடியாத பக்கவிளைவு, அது பலனுக்காக வந்ததல்ல. இரண்டாவது வாதம் எங்களுக்கு வலுவாகப் படுகிறது.

ஆகவே புராஜெக்ட் தலைப்பில் ‘ஆற்றல் சேமிப்பு’ என்று போடாதீர்கள். நீங்கள் அளப்பது என்ஏடிஹெச் ஒளிர்வை, ஏடிபியை அல்ல. ஏடிபி வேண்டுமென்றால் 5 வினாடிக்கு ஒரு மாதிரியைக் குளிர்ந்த பெர்க்ளோரிக் அமிலத்தில் நிறுத்தி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கி, படியும் வெள்ளை உப்பைப் பிரித்துவிட்டு லூசிஃபெரேஸ் கிட்டில் (ஏடிபி இருந்தால் ஒளிரும் நொதி) அளக்க வேண்டும்.