ஆட்கொணர்வு மனு: சேலத்துக் கேள்விகளும் ஒரு வழக்கறிஞரின் பதில்களும்

ஏற்காட்டுச் சகோதரி: எஸ்டேட் வேலைக்குப் போன தம்பிய நேத்து ராத்திரி மஃப்டி போலீஸ் வண்டியில ஏத்திட்டுப் போனாங்க. ஸ்டேஷன்ல கேட்டா "இங்க யாருமில்ல"ங்கிறாங்க. இப்பவே ஐகோர்ட் போகலாமா சார்?

போகலாம்மா, தாமதிக்காதீங்க. அடைத்துவைத்தவரைக் கோர்ட் முன் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்பதுதான் ஆட்கொணர்வு மனு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தணும். அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு அது. பயண நேரத்தைக் கழிக்கலாம்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க ஒரு நாள் ஆகாது. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டி என்று எழுதி எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் உடனே மின்னஞ்சல் அனுப்புங்க. முன்பு தந்தி அடிப்போம்; ரசீதில் விழுந்த நேரம்தான் எங்களுக்குப் பெரிய சாட்சி. 2013-ல் தந்தி நின்றபிறகு அந்த வேலையை மின்னஞ்சல் செய்கிறது. மனுவை நீங்களே போடலாம், நண்பரும் போடலாம். சேலத்துக்கு மதுரைக் கிளை இல்லை, சென்னைதான்.

ஆத்தூர் பெரியவர்: 20 வயசு மகள் ஒரு பையனோட போயிட்டா. கோர்ட் மீட்டுத் தருமா?

கோர்ட்டுக்கு வரவழைப்பாங்க ஐயா. அவங்க விரும்பிப் போனதாகச் சொன்னால் அதோடு முடிந்தது. 2018-ல், அப்பா எதிர்த்த திருமணம் பற்றிய ஹாதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் மேஜர் பெண்ணின் விருப்பத்துக்கே இடம் கொடுத்தது. அதுதான் நியாயம் என்பேன்.

ஓமலூர் தம்பி: மாமாவ ரிமாண்ட் பண்ணி சேலம் மத்திய சிறைக்கு அனுப்பிட்டாங்க. கைதே தப்புன்னு ஆட்கொணர்வு போடலாமா அண்ணா?

பெரும்பாலும் நிற்காது தம்பி. 2023-ல் செந்தில் பாலாஜி கைதில் இதே கேள்வி வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் நிஷா பானுவும் பரத சக்கரவர்த்தியும் மாறுபட்டார்கள். மூன்றாவது நீதிபதி சி.வி.கார்த்திகேயன், மனு செல்லாது என்ற பக்கம் நின்றார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது: காவலில் வைக்கச் சொல்லும் மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவு வந்துவிட்டால் அந்த உத்தரவைத்தான் எதிர்க்கணும். சட்டத்தின் கட்டாயங்களை மீறி, விஷயத்தை யோசித்துப் பார்க்காமல் போட்ட ரிமாண்ட் என்றால் மட்டும் வழி உண்டு. மாமாவுக்கு முதலில் ஜாமீன் மனு போடுங்க.

அம்மாப்பேட்டை அக்கா: பையன் மேல குண்டாஸ் போட்டுட்டாங்க. ஒரு வருஷம் வரவே முடியாதாமே?

யார் சொன்னது அக்கா? இங்கேதான் ஆட்கொணர்வு மனுவுக்கு உயிர் அதிகம். அடைத்தது நீதிமன்றம் இல்லை, அதிகாரி. மாநகரத்தில் கமிஷனர், மலைப்பக்கம் கலெக்டர். குண்டாஸ் என்கிற, முன்கூட்டியே அடைத்துவைக்கும் 1982-ம் வருஷச் சட்டப்படி 12 நாளில் அரசு ஒப்புதல் தரணும், 3 வாரத்தில் அடைத்தது சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போகணும். தேதி தவறினால் உத்தரவு நிற்காது. நீங்கள் அனுப்பும் முறையீட்டைக் காரணமில்லாமல் கிடப்பில் போட்டாலும் அப்படித்தான். ஜாமீனே கேட்காமல் சிறையில் இருப்பவர் மேல் "வெளியே வந்துவிடுவார்" என்று வெறுமனே எழுதினால் போதாது என்று 2011-ல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒரு அம்மா மஞ்சப்பையில் கொண்டுவந்த, குண்டாஸ் உத்தரவோடு கொடுத்த ஆவணக் கட்டுக்குள் ரிமாண்ட் நகல் ஒரே கறுப்பு, ஒரு எழுத்து தெரியவில்லை. படிக்க முடியாததை வைத்து முறையீடு எழுத முடியாதே; அதையே முதல் வாதமாக வைத்தோம். உங்கள் பையனிடம் கொடுத்த ஆவணக் கட்டை வாங்கி, இன்று ராத்திரியே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்க. படிக்க முடியாத பக்கத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு நாளைக் காலை அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு வாங்க.