சர்க்கரை நோய்ப் பயிற்சி: இணையவழிப் படிப்பா, மருத்துவப் பிரிவா?

நர்ஸ் பிராக்டிஷனர் (சிகிச்சை அளிக்கவும் பயிற்சி பெறும் செவிலியர்) படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "சர்க்கரை நோய் சிகிச்சையில் தனிப் பயிற்சி எடுக்க ஆசை. இணையவழிச் சான்றிதழ் படிப்பு ஒன்று இருக்கிறது. நீரிழிவு மருத்துவப் பிரிவில் சில வாரங்கள் உடனிருந்து கற்கும் வாய்ப்பும் வந்திருக்கிறது. எதில் சேரட்டும்?"

மருத்துவப் பிரிவில் சேருங்கள். மருந்துகளைப் பற்றிப் பிறகும் படித்துக்கொள்ளலாம். ஆனால் சேருவதற்கு முன் அங்கே இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். ஒரே நோயாளியை நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்க முடியுமா? மருந்தின் அளவை முதலில் உங்களைச் சொல்லவிட்டு, அப்புறம் மூத்தவர் சரிபார்ப்பாரா? இரண்டும் இல்லையென்றால் வெறுமனே வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் வருவீர்கள். எச்.பி.ஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சர்க்கரைச் சராசரியைக் காட்டுவது. நீங்கள் இன்று மாற்றிய மருந்தின் முழுப் பலன் அதில் தெரியும்போது உங்கள் பயிற்சியே முடிந்திருக்கலாம். அதனால் தினசரிச் சர்க்கரை அளவுகளையும், தோலில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரின் 14 நாள் பதிவையும் படிக்கப் பழகுங்கள். பதிவைக் கையில் எடுத்ததும் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே போன நேரங்களைத்தான் முதலில் தேட வேண்டும். உயர்ந்த அளவுகளை அடுத்துப் பார்க்கலாம்.

நான் மாணவர்களிடம் அதிகம் வற்புறுத்துவது ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பார்ப்பதைத்தான். இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போகிறோம், சர்க்கரை ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது, காரணம் பிடிபடவில்லை. சட்டையை விலக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தால், பல மாதங்களாக ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கொழுப்பு கட்டியாகத் திரண்டிருக்கும். அங்கே போடும் இன்சுலின் சீராக உடலில் சேராது. கண்ணுக்குத் தெரியாத கட்டிகூட விரலுக்குத் தெரியும். இடத்தை மாற்றச் சொல்லும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது: நல்ல தோலில் அதே அளவு போட்டால் மருந்து முழுதாக வேலை செய்து சர்க்கரை ஆபத்தாகக் குறையலாம். அளவைக் குறைக்க வேண்டுமா என்று மூத்தவரிடம் அப்போதே பேசுங்கள், அடுத்த சில நாட்கள் அடிக்கடி சோதிக்கச் சொல்லுங்கள். இதைத் திரையில் பார்த்துக் கற்க முடியாது.

பாதப் பரிசோதனையும் அப்படித்தான். பாதத்தில் தொடு உணர்வு இருக்கிறதா என்று பார்க்க உதவும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையை நீங்களே பலருடைய பாதத்தில் வைத்துப் பழக வேண்டும்.

இணையவழிப் படிப்பு வீண் என்று சொல்லவில்லை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்.ஜி.எல்.டி-2 தடுப்பான் வகை மாத்திரை எடுப்பவருக்கு, சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தான நிலை) வரலாம். இரும்புச்சத்துக் குறைவு எச்.பி.ஏ1சி-யைக் கூட்டிக் காட்டக்கூடும். இதையெல்லாம் வீட்டிலேயே படித்துக்கொண்டு போனால் அங்கே கிடைக்கும் நேரம் மிச்சம்.

பேச்சையும் கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள். "மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகிறது?" என்று கேளுங்கள், உண்மை வரும். அந்தப் பதில் தெரியாமல் மருந்தைக் கூட்டுவது எனக்குப் பயமான விஷயம்.

சேர்ந்த முதல் நாளிலிருந்து, பெயர் எழுதாமல், ஒரு குறிப்பேடு வையுங்கள். என்ன மாற்றினோம், எதை எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்று மூன்று வரி போதும். வாரம் ஒருமுறை அதை உங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டி, எதிர்பார்த்தது நடக்காத இடங்களைப் பற்றி முதலில் கேளுங்கள்.